சாவியைத் திருப்பியும் எழாத லேசர்

அறுவை அரங்கிலிருந்து போன் வரும்: "சார், லேசர் ஆன் ஆகலை. பேஷண்ட் டேபிள்ல இருக்காங்க." உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "எது வரைக்கும் வந்து நின்னுச்சு, சிஸ்டர்?" விசிறிகூடச் சுற்றவில்லையா, திரை எரிந்து பிழை எண் காட்டுகிறதா, எல்லாம் வந்து ரெடி பட்டனைத் தொட்டதும் எம்.சி.பி. விழுந்ததா? முதல் வகையில் மெஷினுக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை. இரண்டாவதில் மின்சாரம் சேர்ந்தும் மெஷின் வேலை செய்ய மறுக்கிறது. மூன்றாவதில் உயர் அழுத்தப் பகுதி சுமை ஏறும்போது சறுக்குகிறது. மூன்றுக்கும் தேடும் இடம் வேறு, எடுக்கும் கருவி வேறு. நடைமுறையில் அடிக்கடி வருவது இரண்டாவது வகை. அதைச் செத்த மெஷின் என்று எண்ணி போர்டைக் கழற்றத் தொடங்குவதால்தான் ஒரு மணி நேர வேலை ஒரு மாத வேலையாகிறது.

இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாகச் சிறுநீரகக் கல் உடைக்கும் ஹோல்மியம் யாக் லேசரை எடுத்துக்கொள்கிறேன். அதன் அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர். ஒளி கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு படிகக் கம்பி, பக்கத்தில் ஒரு ஃபிளாஷ் விளக்கு, இரண்டையும் தழுவி ஓடும் குளிர்நீர். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் மாணிக்கக் கம்பியைச் சுருள் ஃபிளாஷ் விளக்குக்குள் வைத்து இயக்கிக் காட்டிய முதல் லேசரின் அடிப்படை இதிலும் அப்படியே இருக்கிறது. முடி நீக்கும் 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட், 1,064 நானோமீட்டர் நியோடிமியம் யாக் ஆகியவையும் இதே குடும்பம்தான். டயோடு லேசர் வேறு ரகம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மெஷின் எழும் வரிசை

பிரேக்கரைப் போட்டதும் மின்சாரம் லைன் ஃபில்டரைத் தாண்டி, 24, 12, 5 வோல்ட் தரும் குறைந்த அழுத்த சப்ளைக்குப் போகிறது. சாவியைத் திருப்பினால் கான்டாக்டர் 'டக்' என்று ஒட்டும். புராசஸர் விழித்துத் தன்னையே சோதித்துக்கொள்ளும். அடுத்து பம்ப் உறுமும். நீரோட்டம், நீர்மட்டம், வெப்பநிலை மூன்றும் சரி என்று சென்சார்கள் சொல்ல வேண்டும். பிறகு இன்டர்லாக் சங்கிலி மூடியிருக்கிறதா என்று பார்க்கும். இத்தனையும் சரியானால்தான் உயர் அழுத்த சார்ஜருக்கு அனுமதி. கெபாசிட்டர் நிரம்பும்போது மெல்லிய 'கீ' என்ற ஓசை எழும். பிறகு விளக்கைப் பற்றவைக்கும் ட்ரிகர் 'டிக்' என்று ஒலிக்கும். விளக்கினுள் சிறு மின்னோட்டம் நிலையாக ஓடத் தொடங்குவதை சிம்மர் என்கிறோம். ஷட்டரைத் திறந்து மூடிப் பார்த்த பிறகே திரையில் ஸ்டாண்ட்பை வரும்.

இந்த ஓசைகளை நல்ல மெஷினில் பலமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நாடி பார்க்கிற வைத்தியர் போல, கோளாறு வந்த அன்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்தப் படியில் நின்றது என்று பிடிபடும். கான்டாக்டர் ஒட்டி பம்ப் உறுமவில்லை என்றால் பார்க்க வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில். ட்ரிகர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது, ஸ்டாண்ட்பை வரவில்லை என்றால், அதற்கு முன்னால் உள்ள அத்தனையும் சரி. ஓசை தரும் இந்தத் தகவல், பிழை எண்ணைவிடச் சில வேளைகளில் நம்பகமானது. பிழை எண் புராசஸருக்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். 24 வோல்ட் சப்ளை தளர்ந்து போனால் நீரோட்டம் இல்லை, கதவு திறந்திருக்கிறது, ஃபைபர் இல்லை என்று சம்பந்தமில்லாத நாலைந்து எண்களை ஒரே சமயத்தில் காட்டும். அப்படிப் பல எண்கள் கூட்டமாக வந்தால் சென்சார்களைச் சந்தேகிக்காமல், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ள சப்ளையை அளவெடுங்கள்.

மூடியைத் திறக்கும் முன்

அவசர நிறுத்தப் பட்டனைப் பாருங்கள். காளான் தலை வைத்த அந்தச் சிவப்புப் பட்டன், துடைக்கிறவர் கை பட்டோ ட்ராலியைத் தள்ளும்போது சுவரில் இடித்தோ அமுங்கிவிடும். அமுங்கியது பார்வைக்குத் தெரியாது. திருப்பி விட்டால் 'க்ளிக்' என்று வெளியே வரும். அடுத்து மெஷினின் பின்பக்கம். அங்கே 'ரிமோட் இன்டர்லாக்' என்ற சிறு சாக்கெட் இருக்கும். அறைக் கதவில் ஸ்விட்ச் வைத்து அதில் இணைக்கலாம். கதவு திறந்தால் லேசர் நின்றுவிடும். கதவு ஸ்விட்ச் இல்லாத இடங்களுக்கு உற்பத்தியாளர் ஒரு டம்மி பிளக் தருவார். விரல்நுனி அளவே இருக்கும், உள்ளே இரண்டு பின்களைச் சேர்த்த ஒரு துண்டு ஒயர் மட்டும்தான். மெஷினை வேறு அரங்குக்கு மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான்.

"சிஸ்டர், நேத்து மெஷின் எங்க இருந்துச்சு?"

"மூணாவது தியேட்டர்ல சார். காலைலதான் இங்க தள்ளிட்டு வந்தாங்க."

"பின்னாடி ஒரு சின்ன கறுப்பு பிளக் சொருகி இருக்குமே, அங்க கீழ கிடக்குதான்னு அட்டெண்டரைப் பாக்கச் சொல்லுங்க."

இந்த உரையாடலுக்குள் முடிந்துபோகிற கோளாறுகள் ஏராளம். கால் மிதியின் கேபிள் இணைந்திருக்கிறதா, ஃபைபரின் கனெக்டர் கடைசி வரை திருகப்பட்டிருக்கிறதா என்பதையும் இதே மூச்சில் பாருங்கள். ஃபைபர் உட்காரும் இடத்தில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும். அரைச் சுற்று குறைந்தாலும் அது அமுங்காது.

சுவர்ப் பக்கம்

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் பிளக் பாயிண்டைச் சோதியுங்கள். சும்மா இருக்கும்போது 230 வோல்ட் காட்டுவது போதாது. கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. 228இல் இருந்தது 195க்குச் சரிந்தால் வழியில் எங்கோ லூஸ் கான்டாக்ட் இருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றினால் பெரும்பாலும் நியூட்ரல் முனை கறுத்து, இன்சுலேஷன் உருகி ஒட்டியிருக்கும். திருகு விரலாலேயே சுற்றும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு. சுமை ஏறும்போது அது தாவிக் குதித்தால் நியூட்ரல் பலவீனம். சுமை ஏறியும் அது அசையாமல் துல்லியமாக 0 காட்டினால் மகிழ வேண்டாம்: எர்த் கம்பி வராத சாக்கெட்டில் யாரோ எர்த் பின்னையும் நியூட்ரலையும் உள்ளேயே சேர்த்துவிட்டிருக்கலாம். அந்த நிலையில் நியூட்ரல் அறுந்தால் மெஷினின் உடம்பே ஃபேஸ் ஆகிவிடும். இதைக் கண்ட இடத்தில் வேலையை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரம் வரும் அரங்கில் மட்டும் கணக்கு வேறு. அங்கே எந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே நிலையான 230 வராது, அது கோளாறும் இல்லை.

ஆன் செய்த நொடியிலேயே எம்.சி.பி. விழுந்தால் அதன் ரகத்தைப் பாருங்கள். 'பி' ரகம் குறித்த ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். 'சி' 5 முதல் 10 மடங்கு. 'டி' 10 முதல் 20 மடங்கு. பெரிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மெஷின் எழும்போது ஒரு கணம் இழுக்கும் மின்னோட்டத்துக்கு 'பி' தாங்காது. ஆனால் நேற்று வரை தாங்கியது இன்று விழுகிறது என்றால், எம்.சி.பி.யை மாற்றுவது நோயை மறைப்பதாகும். அப்போது பார்க்க வேண்டியது சாஃப்ட் ஸ்டார்ட்: தொடக்கத்தில் மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்டரும், நொடிகளுக்குப் பின் அதைக் குறுக்கே மூடும் ரிலேயும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ரெசிஸ்டர் இருந்தும் பயனில்லை. முதல் கணத்திலேயே டிரிப். ரிலே மூடாமலே போனால் ரெசிஸ்டர் கருகி, சிறிது நேரத்தில் மெஷின் மொத்தமும் அணைந்துவிடும்.

ஜெனரேட்டர் மாறும் நேரத்தைச் சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு எழாத மெஷின் என்றால், பிரேக்கரை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். பாதி விழித்து உறைந்த புராசஸர் பல நேரம் அதிலேயே தெளிந்துவிடும்.

கெபாசிட்டர் முன்னால்

இனி மூடியைத் திறக்கிறோம். இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துப் படிக்காதீர்கள். லேசர் மெஷினில் ஒளியைவிட முன்னதாக ஆளைக் கொல்லக்கூடியது கெபாசிட்டர்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 900 வோல்ட்டில் நிரம்பியிருந்தால் அதில் தங்கியிருப்பது 81 ஜூல். இதயத்தை நிறுத்த அது தாராளம். அதன் குறுக்கே 1,00,000 ஓம் பிளீடர் ரெசிஸ்டர் இருந்தால், மெஷினை அணைத்த 20 நொடிக்கு ஒரு முறை அழுத்தம் சுமார் 37 சதவீதமாகக் குறைந்துகொண்டே வரும். 100 நொடியில் 6 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். 'வேண்டும்' என்பதில்தான் ஆபத்து. பிளீடர் அறுந்திருந்தால் மறுநாள் காலையிலும் அந்த 81 ஜூல் பெரும்பகுதி அங்கேயே காத்திருக்கும். நீங்கள் பழுது பார்க்க வந்திருக்கும் மெஷினில் பிளீடர் மட்டும் பழுதாகாமல் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே முறை இதுதான். பிளக்கை உருவி, அதை உங்கள் கண் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். 1,000 வோல்ட் கேட் 3 தரமுள்ள மீட்டரால் கெபாசிட்டர் முனைகளை அளவெடுங்கள். பிறகு நீண்ட இன்சுலேட்டட் கைப்பிடியில் கட்டிய 1,000 ஓம் ஒயர்வுண்ட் ரெசிஸ்டரால் இறக்குங்கள். 0 வந்ததை மீட்டரில் உறுதி செய்து, முனைகளுக்குக் குறுக்கே ஷார்ட்டிங் கம்பியைக் கட்டி, வேலை முடியும் வரை அதை எடுக்காதீர்கள். இறக்கிய கெபாசிட்டர் சும்மா விட்டால் உள்ளிருந்து கொஞ்சம் அழுத்தத்தைத் திரும்ப வெளியே விடும். பெரிய கெபாசிட்டர்களில் அதுவும் வலிக்க வைக்கும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து 'பட்' என்று வெடிக்கவைக்கும் வீரம் சிலரிடம் உண்டு. அதில் முனை உருகித் தெறிக்கும், கெபாசிட்டரும் கெடும். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி கழற்றி வையுங்கள். ஒற்றை ஆளாக உயர் அழுத்தப் பகுதியில் கை வைக்கவே கூடாது. அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும், பிரேக்கர் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றுமே எழவில்லை என்றால்

ஃபியூஸைக் கழற்றிக் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் கம்பி மட்டும் உருகி, கண்ணாடி தெளிவாக இருந்தால் சுமை மெல்ல மிஞ்சியிருக்கிறது; விசிறியோ பம்போ இறுகியிருக்கலாம். கண்ணாடி கறுத்தோ உள்ளே வெள்ளிப் பூச்சு படிந்தோ இருந்தால் ஷார்ட். அப்படி இருக்கையில் புது ஃபியூஸ் போடுவது ஃபியூஸை வீணாக்குவதுதான். லைன் ஃபில்டருக்கு அடுத்து வட்டமாக, நீலமாகவோ மஞ்சளாகவோ நிற்கும் வேரிஸ்டரைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் கட்டடத்தில் நியூட்ரல் போனால் சாக்கெட்டில் 230க்குப் பதில் 400க்கு அருகில் ஏறக்கூடும். வேரிஸ்டர் வெடித்து, ஃபியூஸை எரித்து, பின்னால் உள்ள போர்டுகளைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கும். இடி இறங்கிய மறுநாளும் இதே காட்சிதான். வெடித்ததை வெட்டி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். அதே மதிப்பில் இன்னொன்று போட்ட பிறகே மெஷினை விடுங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் குறைந்த அழுத்த சப்ளை. 5 வோல்ட் வரிசையில் 4.75க்குக் கீழே போனால் புராசஸர் விழித்து விழித்து அணையும். திரை ஒரு நொடி மினுக்கி மறையும். பழைய மெஷினில் இதற்கு முதல் சந்தேகம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள்மீது. தலை உப்பியிருந்தால் சுலபம். உப்பாமலும் வறண்டிருக்கும், அதை ஆசிலோஸ்கோப்பில் அலையலையாகத் தெரியும் ரிப்பிள்தான் காட்டிக்கொடுக்கும்.

பத்து வருடம் தாண்டிய மெஷின்களுக்கு மட்டும் இன்னொரு நோய் உண்டு. அளவுத் திருத்தங்களைச் சேமித்த மெமரி சிப்புக்குள்ளேயே ஒரு லித்தியம் பேட்டரி புதைந்திருக்கும். அது தீர்ந்தால் மெஷின் தன் கணக்கையெல்லாம் மறந்து 'செக்சம்' பிழை காட்டி நின்றுவிடும். நன்றாக ஓடும் நாளிலேயே சர்வீஸ் திரையில் உள்ள எண்களைப் படம் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

மறுக்கும் மெஷின்

இன்டர்லாக் சங்கிலி என்பது தொடராக இணைத்த ஸ்விட்ச்சுகள்: அவசர நிறுத்தம், டம்மி பிளக், மூடிகள், நீரோட்டம், நீர்மட்டம், ஃபைபர். ஒரு முனையில் 24 வோல்ட் கொடுத்தால் மறுமுனைக்கு வர வேண்டும். ஒவ்வொன்றாகத் தொட வேண்டாம். நடுவில் ஓர் இடத்தில் மீட்டரை வையுங்கள். 24 இருந்தால் கோளாறு பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். எட்டு ஸ்விட்ச் இருந்தாலும் மூன்று அளவில் அகப்பட்டுவிடும்.

அகப்படுவது அடிக்கடி நீரோட்ட ஸ்விட்ச். அதைத் தரமான நீரில் பார்க்க நேர்வது அரிது. கழற்றிப் பார்த்தால் உள்ளே உள்ள சிறு துடுப்பின்மீது பச்சையும் பழுப்புமாக வழவழவென்று பாசி. அசைய வேண்டிய காந்தம் அசையாமல் ஒட்டிக் கிடக்கும். காரணம் பெரும்பாலும் குடிநீர் கேன். டீஅயனைஸ்டு நீர் தீர்ந்த அன்று யாரோ கேன் வாட்டரை ஊற்றியிருப்பார்கள். கேன் நீரில் உப்பு மிச்சம் இருக்கிறது. விளக்கின் மின்முனைகளைத் தொட்டு ஓடும் நீரில் உப்பு இருந்தால் மின்சாரம் நீர் வழியே கசியும், பிறகு சிம்மரும் பிடிக்காது. நீரை மாற்றும்போது டீஅயனைசர் கார்ட்ரிட்ஜையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றிய பின் பம்ப் உறுமியும் நீர் ஓடவில்லை என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கும். மேல் இணைப்பைச் சற்றுத் தளர்த்திக் காற்றை விடுங்கள். பம்ப் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் அதன் ரன் கெபாசிட்டரைப் பாருங்கள்.

இந்த ஸ்விட்ச்சை ஒயர் போட்டு நேராக்கிவிட்டு ஓட்டுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "கம்பெனி ஆளு வர வரைக்கும்தான் சார்" என்பார்கள். நீர் ஓடாமல் விளக்கு எரிந்தால் குவார்ட்ஸ் குழாய் வெடித்து, சில்லுகள் படிகக் கம்பியின் முகத்தில் அடிக்கும். இருநூறு ரூபாய் ஸ்விட்ச்சுக்காகப் போவது மெஷினின் இதயம். பம்ப் ஓடாதபோதே நீரோட்டம் தெரிகிறதே என்று சில மெஷின்கள் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்து நின்றும்விடும். மூடி ஸ்விட்ச்சை நேராக்குவதில் ஆபத்து கண்ணுக்கு. அளவெடுக்க வேண்டி அப்படிச் செய்யும் கட்டாயம் சர்வீஸ் கையேட்டிலேயே இருந்தால், அந்த அலைநீளத்துக்கு என்று எழுதிய கண்ணாடியை அறையில் உள்ள அத்தனை பேரும் போட்ட பிறகே செய்யுங்கள். பச்சை லேசருக்கான 532 நானோமீட்டர் கண்ணாடி 2,100க்கு உத்தரவாதம் தராது. சிவப்புக் குறிக்கதிர் வரவில்லை என்பதால் வேலைக்கதிரும் வராது என்று நினைக்காதீர்கள். இரண்டும் தனித்தனி ஊற்று.

வெப்பநிலைப் பிழையில் எண்ணைக் கவனியுங்கள். நீர் மைனஸ் 40 டிகிரி என்று திரை சொன்னால் தெர்மிஸ்டரின் ஒயர் அறுந்திருக்கிறது. கொதிக்கும் அளவு காட்டினால் ஷார்ட். கடலோர ஊர்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீதும் பனி படியும். இரவெல்லாம் ஏ.சி. அணைந்து கிடந்த அரங்கில் காலையில் லேசரை முதலில் போட்டு, ஏ.சி.யைப் பிறகு போட்டால், குளிர்நீர் ஓடும் தலைப்பகுதி வியர்த்து உயர் அழுத்தம் தரையோடு பொறி விடும். அறை குளிர்ந்து அரை மணி கழித்துப் போடுங்கள்.

சிம்மர் பிடிக்காதபோது

ட்ரிகர் ஒலிக்கிறது, விளக்கு பற்றவில்லை. முதல் சந்தேகம் விளக்கு. மெஷின் எண்ணி வைத்திருக்கும் ஷாட் கணக்கையும் விளக்கின் ஆயுள் வரம்பையும் ஒப்பிடுங்கள். முனைகள் கறுத்தோ மெல்லிய கீறல் ஓடியோ இருந்தால் மாற்றுங்கள். நேற்றுத்தான் மாற்றிய விளக்கு என்றால் தலைகீழாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆனோடும் கேத்தோடும் ஒன்றல்ல. குவார்ட்ஸை வெறும் விரலால் தொட்டிருந்தால் ஆல்கஹாலால் துடைக்காமல் பூட்டாதீர்கள். விளக்கு சரி என்றால் நீரின் கடத்துதிறன், அடுத்து ட்ரிகர் டிரான்ஸ்ஃபார்மர். அதில் வருவது பல ஆயிரம் வோல்ட். சாதாரண மீட்டரை அங்கே வைத்தால் மீட்டரும் போகும், நீங்களும் போகலாம். உயர் அழுத்த புரோப் இல்லையென்றால் அந்த அளவை எடுக்கவே வேண்டாம்.

ட்ரிகர் ஒலியே வராமல் 'சார்ஜ்' பிழை வந்தால், சார்ஜரைக் குறை சொல்வதற்கு முன் டம்ப் ரிலேயைப் பாருங்கள். மெஷின் அணையும்போது கெபாசிட்டரை இறக்கும் ரிலே அது. முனை ஒட்டிக்கொண்டால் நிரப்ப நிரப்ப வடிந்துகொண்டே இருக்கும்; பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர் நிறம் மாறியிருக்கும்.

டயோடு மெஷின்

810, 980, 1,470 நானோமீட்டர் டயோடு லேசர்களில் உயர் அழுத்தம் இல்லை. சில வோல்ட்டில் பத்துக்கணக்கான ஆம்பியர் ஓடும். இங்கே ஆபத்து எதிர்ப்பக்கம்: உங்கள் விரலில் உள்ள நிலைமின் டயோடைக் கொன்றுவிடும். ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாமல் கனெக்டரைக் கழற்றாதீர்கள், டயோடு முனைகளில் மீட்டர் வைத்துக் கன்டினியூட்டி பார்க்காதீர்கள். எழாத டயோடு மெஷினில் தேட வேண்டியவை சப்ளை, இன்டர்லாக், தெர்மிஸ்டர் மூன்றும்தான். டயோடே போயிருந்தால் மெஷின் நன்றாக எழுந்து, ஒளி மட்டும் வராது.

அரங்குக்குத் திருப்பும் முன்

எர்த் பின்னிலிருந்து மெஷினின் வெளி உலோகம் வரை எர்த் தடையை அளவெடுங்கள். கழற்றி மாட்டும் மெயின்ஸ் கேபிளையும் சேர்த்து 0.2 ஓம் தாண்டக் கூடாது. லீக்கேஜ் கரண்ட் சோதனையைச் செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளி எனர்ஜி மீட்டரில் குறைந்தது மூன்று வெவ்வேறு அளவில் சுட்டுப் பாருங்கள். மருத்துவ லேசருக்கான ஐ.இ.சி. 60601-2-22 தரத்தின்படி, திரையில் வைத்த அளவிலிருந்து வெளிவருவது 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அவசர நிறுத்தத்தை அமுக்கி, டம்மி பிளக்கை உருவி, மெஷின் இரண்டுக்கும் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். அதில் 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதாமல், எந்தப் படியில் நின்றது, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருந்தது, எந்த உதிரி போட்டது என்று எழுதுங்கள். டம்மி பிளக்கை ஒரு சிறு சங்கிலியால் மெஷினின் பின்பக்கக் கைப்பிடியோடு கட்டிவிடுங்கள்.